கடைசியாகப் பேசியது யார்?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் கடை வைத்திருப்பவனுக்குக் காத்திருப்பதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் போய்விடும். இனி கேட் திறந்துவிடும் என்று எல்லாரும் வண்டியைக் கிளப்புவார்கள். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு சரக்கு ரயில் வந்து கேட்டுக்கு நடுவில் நின்றுவிடும். கேட்கீப்பர் ரயில் போகட்டும் என்று காத்திருப்பார். ரயில் சிக்னலுக்குக் காத்திருக்கும். நாம் கேட்டுக்குக் காத்திருப்போம். அதில் யாரும் தூங்கிவிடவில்லை, யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனாலும் ஒன்றும் நகராது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என் கடைக்கு 'ஹேங்' என்று வரும் கேஸ்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். பென்டிரைவோ வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்கோ பாதியில் நின்றுவிடும். கொண்டுவருபவர் மேஜைமேல் போட்டுவிட்டு, "டிஸ்கு போச்சாண்ணே, இல்ல கம்ப்யூட்டர் போச்சா?" என்பார். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது, அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு வேறொன்றைக் கேட்க. இரண்டு பேரில் கடைசியாகப் பேசியது யார்?

ரிச்சி தெருவில் அசெம்பிளி பையனாக நான் சேர்ந்தபோது ஃப்ளாப்பிதான் ராஜா. 1.44 எம்பி. பெரிய ஃபைல் என்றால் ஏழெட்டு ஃப்ளாப்பியில் பிரித்துப் போடுவோம். ஆறாவது ஃப்ளாப்பி படிக்காது. 2001 வாக்கில் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்க்கும் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வந்ததென்று சாவிக்கொத்து மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். 8 எம்பி பென்டிரைவ். கடையில் இருந்த அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்தோம். அவர் ஆபீஸில் இருந்ததோ விண்டோஸ் 98. அதற்குப் பென்டிரைவைத் தானாக அடையாளம் தெரியாது, கூட வரும் சிடியைப் போட்டு டிரைவர் ஏற்ற வேண்டும். சிடியை அவர் தொலைத்திருந்தார். வேறு கம்பெனி டிரைவரைப் போட்டுப் பார்த்தேன். மவுஸ் அம்பு அப்படியே உறைந்துபோனது. நான் கண்ணால் பார்த்த முதல் யு.எஸ்.பி. ஹேங் அது. வைத்தியம் என்ன? பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது. அப்போது எனக்கு அதற்கு மேல் தெரியாது.

விண்டோஸ் மில்லேனியம், 2000 இரண்டிலும் பொது டிரைவர் உள்ளேயே வந்துவிட்டது. பென்டிரைவ், கார்டு ரீடர், கேசிங்கில் போட்ட ஹார்டு டிஸ்க் எல்லாவற்றுக்கும் ஒரே டிரைவர். சிடி தேடும் வேலை மிச்சம். ஆனால் அந்த ஒரே டிரைவர் ஊரில் இருக்கிற அத்தனை மலிவு சிப்போடும் குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. எங்களுக்குப் பிழைப்பு அங்கேதான் ஆரம்பமானது.

2005-க்குப் பிறகு தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரை நான் பார்த்துக்கொண்டேன். லைசென்ஸ் பயத்தில் உரிமையாளர் எல்லா மெஷினிலும் லினக்ஸ் போடச் சொல்லிவிட்டார். லினக்ஸ் எனக்கு அரைகுறை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி.யில் சென்னை லினக்ஸ் பயனாளர்கள் கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் பிடித்துப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன். பாதி புரியாது. புரிந்த பாதியில் ஒன்று, லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் நடப்புக் குறிப்பை, அதாவது லாக்கைப் படிப்பது. இன்னொன்று, யு.எஸ்.பி. கம்பியில் போகிற வருகிற பேச்சை அப்படியே காட்டும் யு.எஸ்.பி.மான் என்ற வசதி. அப்போதுதான் அது கர்னலோடு சேர்ந்து வந்திருந்தது.

அந்தப் பேச்சைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தத் தொழில் பிடிபட்டது. யு.எஸ்.பி.யில் டிவைஸ் தானாக வாய் திறக்காது. கம்ப்யூட்டர் கேட்டால்தான் பதில். பதிலும் மூன்றே வகை. "இந்தா" என்று கொடுக்கலாம். "முடியாது" என்று மறுக்கலாம். "இரு" என்று நிறுத்தி வைக்கலாம். டிஸ்கோடு பேசும்போது முதலில் கம்ப்யூட்டர் 31 பைட்டில் ஒரு கட்டளைச் சீட்டு அனுப்பும். அடுத்து டேட்டா போகும் அல்லது வரும். கடைசியில் டிஸ்க் 13 பைட்டில் கணக்கு முடித்துச் சீட்டுத் தர வேண்டும். அது வந்தால்தான் அடுத்த கட்டளை. "முடியாது" என்று சொல்லிவிட்டால் டிரைவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியும். தொல்லை "இரு"வில்தான். எத்தனை தடவை "இரு" சொல்லலாம் என்று கணக்கே கிடையாது. முடியாது என்று சொல்லத் தெரியாத டிஸ்க்தான் ஹேங் ஆகிறது. மனிதர்களிலும் அப்படி உண்டு.

அந்தச் சென்டருக்குக் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் வருவார். அவருடைய பழைய ஹார்டு டிஸ்கை ஒரு கேசிங்கில் போட்டுக் கொடுத்திருந்தேன். அவர் வீட்டு விண்டோஸில் நன்றாக ஓடியது. சென்டரில் மாட்டினால் சின்ன ஃபைல் போகும், முகூர்த்த வீடியோவைப் போட்டால் ரெண்டு மூன்று நிமிஷத்தில் நின்றுவிடும். "உன் லினக்ஸ் சரியில்லண்ணே" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம்தான்.

ஒரு காரியம் செய்தேன். யு.எஸ்.பி. 2.0-க்கான டிரைவரை மட்டும் கழற்றிவிட்டேன். 480 மெகாபிட்டில் ஓட வேண்டியது 12 மெகாபிட்டில் ஆமை மாதிரி ஊர்ந்தது. ஆனால் நிற்கவில்லை. ராத்திரி முழுக்க ஊர்ந்து காலையில் முடித்திருந்தது. டிஸ்க் நல்ல டிஸ்க் என்று அதில் தெரிந்துவிட்டது. மறுபடி வேகத்தைப் போட்டு, கம்பியில் நடந்த பேச்சைப் பார்த்தேன். டிரைவர் ஒரே மூச்சில் 120 கேபி கேட்டிருந்தது. கேசிங்கில் இருந்த சிப் கொஞ்சம் கொடுத்துவிட்டு "இரு" என்றது. பிறகு "இரு" மட்டும்தான். 30 வினாடி பொறுத்துவிட்டு டிரைவர் ரீசெட் அடித்தது. சிப் எழுந்திருக்கவில்லை.

கேட்கும் அளவை 64 கேபி-க்குக் குறைத்து எழுதினேன். ஒரே வரிதான். அன்றைக்கு முகூர்த்தம் முழுசாகப் போனது. பிறகு கர்னலின் மூலநிரலைப் புரட்டியபோது, அந்தச் சிப் குடும்பத்துக்காகவே ஒரு சலுகை எழுதி வைத்திருப்பதைப் பார்த்தேன். கட்டளைக்கும் டேட்டாவுக்கும் நடுவில் 125 மைக்ரோ வினாடி மூச்சு விடச் சொல்கிறது. என் கேசிங்கின் அடையாள எண் கொஞ்சம் மாறியிருந்ததால் அந்தச் சலுகை அதற்குக் கிடைக்கவில்லை. கர்னலில் 'அன்யூஷுவல் டெவ்ஸ்' என்று ஒரு ஃபைலே இருக்கிறது. விதிப்படி நடக்காத டிவைஸ்களின் பெயர்ப் பட்டியல். இதைப் பூட்டாதே, அதன் மீதிக் கணக்கை நம்பாதே என்று வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு மேஜையில் ஒருவன் ராத்திரி கண்விழித்திருக்கிறான். நாவல் படிக்கிற மாதிரி அதைப் படித்திருக்கிறேன்.

அதில் எனக்குப் பிடித்த குறும்பு ஒன்று. டிஸ்கிடம் "உன் கடைசி அறை எண் என்ன?" என்று டிரைவர் கேட்கும். எண்ணுவது பூஜ்யத்திலிருந்து. ஆயிரம் அறை இருந்தால் கடைசி அறை 999. சில சிப்கள் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆயிரம் என்று சொல்லிவிடும். லினக்ஸ் அதை நம்பி ஆயிரமாவது அறையைத் தட்டும். இல்லாத அறையைத் தட்டினால் "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லாது. அங்கேயே செத்துவிடும். மாட்டிய உடனே ஹேங். செய்தவர்கள் விண்டோஸில் மட்டும் சோதித்திருப்பார்கள், அது அந்தக் கடைசி அறைப் பக்கம் போயிருக்காது. என்னிடம் வந்த ஒரு மியூசிக் பிளேயர் அப்படித்தான். இரண்டு நாள் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் கற்ற பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. எந்த ஹேங் வந்தாலும் முதலில் லாக்கைத் திறப்பேன். அந்தத் தலைக்கனத்தை இறக்கி வைத்தது மணலி போகும் சாலையில் இருந்த ஓர் எடைமேடை.

அப்போது நிலக்கரி இன்னும் சென்னைத் துறைமுகத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ராயபுரம் பக்கம் காலையில் மாடியில் காயப்போட்ட வேட்டி சாயங்காலம் சாம்பல் நிறமாகும். 2011-இல் உயர் நீதிமன்றம் சொல்லி நிலக்கரி எண்ணூருக்குப் போனது. எடைமேடை கேபினில் ஒரு கம்ப்யூட்டர், தினம் ராத்திரி கணக்கை பென்டிரைவில் நகல் எடுப்பார்கள். அது அடிக்கடி நின்றுவிடும். மென்பொருள் கொடுத்தவர்கள் "டிரைவர் பிரச்சினை, விண்டோஸை மாற்றிப் போடுங்கள்" என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். மாற்றிப் போட்டேன். நின்றது. பென்டிரைவை மாற்றினேன். நின்றது. என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். மூன்று நாள் நிற்காமல் ஓடியது.

கடைசியில் ஒருநாள் சாயங்காலம் முதல் கேபினிலேயே போய் உட்கார்ந்தேன். லாக்கைப் பார்த்தேன், நேரத்தை ஒரு தாளில் குறித்தேன். ஒன்றும் புரியவில்லை. எடை போடுகிற பெரியவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காலி வண்டி ஏறுனா நிக்காது. லோடு வண்டி ஏறும்போதுதான் நிக்கும்."

எடைச் சீட்டுக் கட்டையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நேரம் அச்சாகப் பொருந்தியது. லோடு ஏற்றிய டிரெய்லர் மேடையில் ஏறினால் கேபின் லேசாக அதிரும். மேஜைக்கு வெளியே இழுத்து வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் கேபிளின் வாயில் கடல் காற்றுத் துருவும் கரித்தூளும். யு.எஸ்.பி. பிளக்கின் உள்ளே பார்த்தால் நான்கு தகடு இருக்கும். ஓரத்து இரண்டும் கொஞ்சம் நீளம், அவை கரண்டுக்கு. நடுவில் இருக்கும் இரண்டும் குட்டை, அவை பேச்சுக்கு. பிளக் ஒரு நூலளவு நழுவினால் பேச்சு முதலில் அறும், கரண்ட் அறாது. பென்டிரைவ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர் அது உயிரோடு இருக்கிறது என்று நினைப்பார். டிரைவர் பதிலுக்குக் காத்திருக்கும். பென்டிரைவ் கேள்விக்குக் காத்திருக்கும். முப்பது ரூபாய்க் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்பக்க போர்ட்டைத் துடைத்து நேரே மாட்டினேன். பிறகு அந்தக் கேபினிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை.

மூன்று நாள் என் மேஜையில் ஓடியதே, அது எப்படி? நான் கேபிளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அதிர்கிற மேஜையையும்தான்.

கரண்ட் விஷயமும் இப்படித்தான் கழுத்தறுக்கும். யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும் என்பது விதி, 3.0 போர்ட்டில் அது 900. கையடக்க ஹார்டு டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் 500-ஐத் தாண்டிக் கேட்கும். முன்பக்கப் போர்ட்டில், நீளமான ஒல்லிக் கேபிளில் மாட்டினால் பாதி வழியில் வோல்ட் இறங்கிவிடும். டிஸ்க் 'டிக் டிக்' என்று தலையை இழுத்துக்கொள்ளும். கேசிங் சிப் மட்டும் விழித்திருந்து, டிஸ்க் எழும்வரை கம்ப்யூட்டரிடம் "இரு, இரு" என்று சொல்லிக்கொண்டிருக்கும். பெரிய டிஸ்க் வைத்த கேசிங்குக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக உண்டு, அதுவும் மலிவு என்றால் கேட்கவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவில் காலையில் காப்பி நன்றாகப் போகும், மத்தியானத்துக்கு மேல் நிற்கும். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் ஆரம்பிக்கும் நேரம் அது. அடாப்டரை மாற்றினேன், முடிந்தது. டிரைவரைத் தொடவே இல்லை.

ஹேங் ஆகாத ஹேங்கும் உண்டு. காப்பி போகும் பச்சைக் கோடு கிடுகிடுவென்று ஓடி 99-இல் நிற்கும். நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். "ஹேங்" என்று பிடுங்கிவிடுவார்கள். உண்மையில் கம்ப்யூட்டர் முழு ஃபைலையும் தன் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு, நத்தை மாதிரி எழுதும் பென்டிரைவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டிருக்கும். கோடு காட்டுவது ராமில் போட்டதை. எழுதி முடித்ததை அல்ல. அந்த நேரத்தில் விளக்கைப் பார்க்க வேண்டும். துடித்துக்கொண்டிருந்தால் விட்டுவிட வேண்டும். இப்படிப் பிடுங்கியதால் கெட்டுப்போன பென்டிரைவ்தான் என் கடைக்கு 'ஹேங் ஆகி' அதிகம் வந்திருக்கிறது.

என் கையால் கெட்டதையும் சொல்ல வேண்டும். 2009 என்று நினைவு. ரிட்டயரான துறைமுகத் தொழிலாளி ஒருவர் ஒரு ஹார்டு டிஸ்க் கொண்டுவந்தார். சில போட்டோக்கள் திறக்கும், சிலவற்றைத் தொட்டால் கம்ப்யூட்டரே நிற்கும். நான் கேசிங் சிப்பைச் சந்தேகப்பட்டேன். வேறு கேசிங், வேறு போர்ட், வேகம் குறைத்து, அளவு குறைத்து எல்லாம் பார்த்துவிட்டு, ராத்திரி முழு டிஸ்கையும் சரிபார்க்கும் கட்டளையைப் போட்டு ஷட்டரை இறக்கினேன். காலையில் வந்தபோது டிஸ்க் கத்திக்கொண்டிருந்தது. பிறகு அது திறக்கவே இல்லை. டிஸ்கின் தட்டே தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. படிக்க முடியாத இடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்க முயன்றதால் வந்த ஹேங். ஒவ்வொரு முயற்சியிலும் தலை இன்னும் கொஞ்சம் கீறியிருக்கும். நான் ராத்திரி முழுக்கக் கீறவிட்டேன். அதில் இருந்தது இறந்துபோன அவர் மகனின் படங்கள். அவர் சத்தம் போடவில்லை. "சரி தம்பி" என்று டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ஒரு விதி. டிஸ்க் ஹேங் ஆனால் முதலில் நகல், பிறகுதான் ஆராய்ச்சி. நகலுக்கும் டிடிரெஸ்க்யூ மாதிரி ஒன்றைத்தான் போடுவேன். அது நல்ல இடத்தையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்துக்குக் கடைசியில் வரும். சுழலும் டிஸ்க் மேஜையில் இருக்கும்போது இப்போதும் நான் கடையை விட்டுப் போவதில்லை.

2014-க்கு மேல் பேச்சு முறையே மாறிவிட்டது. ஒரு கட்டளை முடிந்தால்தான் அடுத்தது என்ற பழைய வரிசை போய், யு.ஏ.எஸ். என்ற புதிய முறையில் ஒரே நேரத்தில் பல கட்டளைக்கு டோக்கன் கொடுக்கலாம். எந்த டோக்கனுக்கு முதலில் பதில் வந்தாலும் சரி. எஸ்.எஸ்.டி. போட்ட கேசிங்கில் வேகம் பிய்த்துக்கொண்டு போகிறது. ஆனால் சில சிப்கள் டோக்கனைத் தொலைத்துவிடும். பத்துக் கட்டளை வாங்கி ஒன்பதுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பத்தாவதை மறந்தே போகும். லாக்கில் ரீசெட்டுக்கு மேல் ரீசெட் வரும். டிவைஸின் அடையாள எண்ணை எழுதிப் பக்கத்தில் 'யு' என்று ஓர் எழுத்தைச் சேர்த்தால் டிரைவர் அதனிடம் மட்டும் பழைய முறையில் பேசும். வேகம் குறையும். நிற்காது. இருபது வருஷம் முன்பு முகூர்த்த வீடியோவுக்குச் செய்த அதே வேலைதான்.

என்னிடம் வேலை கற்கும் பையனுக்கு அந்த எழுத்தைச் சேர்ப்பது ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. கேபினில் போய் உட்கார்வதுதான் வர மாட்டேன் என்கிறது. "லாக்லயே எல்லாம் இருக்கேண்ணே" என்கிறான். லாக்கில் கடைசியாகப் பேசியது யார் என்பது இருக்கும். லோடு வண்டி ஏறியது இருக்காது.

படிப்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ஹேங் என்று தோன்றினால் உடனே பிடுங்காதீர்கள். டிரைவரே 30 வினாடி பொறுக்கிறது, நீங்களும் பொறுங்கள். விளக்கு துடித்தால் இன்னும் பொறுங்கள். டிஸ்க் சத்தம் வித்தியாசமாக இருந்தால் ஒரு தடவைக்கு மேல் முயற்சி செய்யாமல் நிறுத்துங்கள். கடைக்கு எடுத்து வரும்போது டிஸ்கை மட்டும் கொண்டு வராதீர்கள், அது எந்தக் கேபிளில், எந்த அடாப்டரில் நின்றதோ அதையும் சேர்த்து எடுத்து வாருங்கள். கேபிளை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களின் டிஸ்க் என் மேஜையில் பெரும்பாலும் நன்றாகவே ஓடுகிறது.